400 நாற்காலியில் 11,200 விற்ற கதை

செமஸ்டர், லீவு, சோம்பேறித்தனம் என்று மூன்று காரணங்களால் ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. போன தடவை பங்குச்சந்தை பற்றி எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதால், இந்த முறை எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த விஷயம். தெரிந்த விஷயம் என்பதைவிட, தெரியும் என்று நினைத்துப் போய் மாட்டிக்கொண்ட விஷயம்.

எங்கள் பி.காம் பாடத்தில் தகவல் அமைப்பு பற்றி ஒரு பேப்பர் உண்டு. "ரெக்வயர்மென்ட் கேதரிங் என்றால் என்ன?" என்பது அதில் நிச்சயம் வரும் ஐந்து மார்க் கேள்வி. ஒரு வேலையைத் தொடங்கும் முன், அது யாருக்காகவோ அவர்களிடம் என்ன தேவை என்று கேட்டு, எழுதி, அலசி, ஒப்புதல் வாங்குவது. நேர்காணல், கேள்வித்தாள், நேரில் கவனித்தல், பழைய ஆவணங்களைப் பார்த்தல் என்று நாலு தலைப்பு போட்டு, தலைப்புக்கு ரெண்டு வரி எழுதினால் நாலரை மார்க் உறுதி. நானும் வாங்கியிருக்கிறேன். அந்த நாலரை மார்க்கை நம்பித்தான் மாமா கடையில் தலையைக் கொடுத்தேன்.

மாமாவுக்குத் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, கேஸ் அடுப்பு, ஜமக்காளம், சாமியானா, மடக்கு மேசை, 400 பிளாஸ்டிக் நாற்காலி. அந்தக் கடையின் மூளை மாமா இல்லை. கணக்கு எழுதும் ஒருவர். வயதுக்கு நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டும், ஆனால் ஊருக்கே அவர் கணக்கண்ணன் என்பதால் எனக்கும் அப்படித்தான். வயது 61. இருபது வருஷத்துக்கு மேலாக அதே மேசை, அதே நீளவாக்கு நோட்டு. தீபாவளிக்கு அப்புறம் திருப்பூரில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாக அவர் சொன்னதும் மாமாவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதற்கு முந்தின தை மாசம்தான், கணக்கண்ணன் காய்ச்சலில் படுத்த ரெண்டு நாளில், ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு கல்யாண வீட்டுக்கு நாற்காலி தருவதாக மாமா ஒப்புக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து ஊர்க் கடையில் கெஞ்சி வாடகைக்கு எடுத்து, கையில் இருந்து காசு போட்டு அனுப்பினார்.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர், கணக்கு ரெண்டும் படிக்கிறேல்ல? அவர் மண்டையில இருக்கிறது எல்லாத்தையும் எறக்கி ஒரு புரோகிராமாப் போட்டுக் குடு."

நான் புரோகிராம் எழுத மாட்டேன். என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் பி.சி.ஏ. படிக்கிறான், அவன் எழுதுவான். என்ன எழுத வேண்டும் என்பதை நான் எழுதித் தருவது. 2025 வைகாசி, எனக்கு லீவு, கடைக்கு முகூர்த்த சீசன். பேச்சு முடிந்தது.

அங்கே ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேர் இருந்தது என்பது போன பிறகுதான் தெரிந்தது. 2019-ல் 28,000 ரூபாய் கொடுத்து டவுனில் ஒருவரிடம் வாங்கியது. நாலு மாசம் ஓட்டியிருக்கிறார்கள், அப்புறம் கணக்கண்ணன் நோட்டுக்கே திரும்பிவிட்டார். 2020-ல் கொரோனா வந்து கல்யாணமே இல்லாமல் போனதில் அந்தக் கம்ப்யூட்டர் மேல் ஜமக்காளத்தை அடுக்கிவிட்டார்கள். ஆர்வக்கோளாறில் அதைத் தூசி தட்டி ஓட்டிப் பார்த்தேன். அதே நாலு மாசத்துக்கு விற்பனை ரிப்போர்ட் எடுத்தால் "நாற்காலி: விற்றது 11,200" என்று வந்தது. இருப்பதே 400!

மளிகைக் கடைக்குச் செய்த பில்லிங் சாஃப்ட்வேரைப் பெயரை மாற்றி இவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பொருள் கடையை விட்டுப் போனால் விற்றுவிட்டது என்று அர்த்தம். சாயங்காலம் நாற்காலி திரும்பி வந்தால் "விற்ற சரக்கு திரும்பியது" என்று தினமும் ஒரு என்ட்ரி போட வேண்டும். பாவம் கணக்கண்ணன், நாலு மாசம் போட்டிருக்கிறார். "நான்தான் கம்ப்யூட்டர் தெரியாதவன்னு நெனச்சேன் தம்பி" என்றார். செய்து கொடுத்தவர் கடைக்கு எத்தனை தடவை வந்தார் என்று கேட்டேன். காசு வாங்க ரெண்டு தடவை.

இப்படிச் செய்தவரை நான் திட்டித் தீர்த்தேன். அப்புறம் நான் செய்தது என்ன தெரியுமா? சாட்ஜிபிடியிடம் "வாடகைப் பாத்திரக் கடைக்கு ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் வேண்டும்" என்று கேட்டு, அது தந்ததை வெட்டி ஒட்டி, 31 பக்கம் பிரிண்ட் எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. அட்டவணை, அம்புக்குறி, ஜி.எஸ்.டி. பில், வாடிக்கையாளர் விசுவாசப் புள்ளிகள் (அதாவது மூணு கல்யாணத்துக்கு அண்டா எடுத்தால் நாலாவது கல்யாணத்துக்குத் தள்ளுபடி!). மாமா ஒவ்வொரு பக்கமாக எச்சில் தொட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல கரண்டி எங்க மாப்ள இருக்கு?"

இல்லை. 31 பக்கத்தில் கரண்டி என்ற வார்த்தை எங்கும் இல்லை. அந்தக் கடையில் அதிகம் தொலையும் பொருளே கரண்டிதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஜி.எஸ்.டி. விஷயமும் அப்படியே. சேவை தரும் தொழிலில் நம்ம மாநிலத்தில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மாமா கடை அதற்குக் கீழே. பதிவு செய்யாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. வசூலிக்கவே கூடாது. இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அதே நான் "கட்டாயம் தேவை" என்ற தலைப்பில் அதைப் போட்டிருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சரி, உட்கார்ந்து பேட்டி எடுப்போம் என்று நோட்டும் பேனாவுமாக மாமா எதிரில் அமர்ந்தேன். "புது சிஸ்டத்துல என்னென்ன வேணும் மாமா?" "எல்லாம் சரியா இருக்கணும்." "எல்லாம்னா?" "கணக்கு சரியா இருக்கணும், வேகமா இருக்கணும், நம்ம கடை மாதிரியே இருக்கணும்." இதை வைத்துக்கொண்டு நண்பன் என்ன புரோகிராம் எழுதுவான்? கணக்கண்ணனிடம் கேட்டால் இன்னும் மோசம். "சொல்றதுக்கு என்ன தம்பி இருக்கு, வர்றாங்க, எடுத்துட்டுப் போறாங்க, கொண்டாந்து போடுறாங்க."

மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. தினமும் செய்வதை மனுஷன் சொல்ல மாட்டான், எப்போதாவது நடப்பதைத்தான் சொல்வான். நம்மிடம் யாராவது "சோறு எப்படி சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் "கையால" என்போம், கை கழுவுவதை யாரும் சொல்ல மாட்டோம் இல்லையா. இந்தத் தொழிலுக்கு என்று 2003-ல் கனடாவில் தொடங்கிய ஒரு சர்வதேச அமைப்பு இருக்கிறது, ஐ.ஐ.பி.ஏ. என்று பெயர். அவர்கள் வெளியிடும் பாபாக் என்ற கையேட்டில் "கேதரிங்" என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருப்பதை வெளியே வரவழைப்பது என்ற பொருள் வரும் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். தேவைகள் புளியம்பழம் மாதிரி கீழே கொட்டிக் கிடந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். இது கறப்பது. மாட்டுக்கும் உங்களைப் பழக வேண்டும்.

இதில் பெரிய பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள் என்பது ஒரு சின்ன ஆறுதல். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2001-ல் தன் வழக்குக் கட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு திட்டம் தொடங்கியது. விர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்று பெயர். தேவைகளை எழுதவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது, 800 பக்கத்துக்கு மேல் எழுதினார்கள். ஆனால் அந்த எழுத்து முடிவுக்கே வரவில்லை. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அவசரமும் மாற்றங்களும் கூடிக்கொண்டே போயின. 2003 டிசம்பரில் வந்து சேர்ந்ததை எஃப்.பி.ஐ. ஏற்கவில்லை. 2005-ல் மொத்தத்தையும் கைவிட்டார்கள். செலவு சுமார் 17 கோடி டாலர். அதற்குப் பதிலாக வந்த சென்டினல் என்ற அமைப்பு 2012-ல்தான் முழுதாக இயங்க ஆரம்பித்தது. 800 பக்கத்துக்கே அந்தக் கதி என்றால் என் 31 பக்கம் எம்மாத்திரம்.

ஆக, கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு முகூர்த்த வாரம் முழுக்கக் கடையிலேயே இருந்தேன். சும்மா இருக்க விடுவார்களா, நாற்காலி தூக்கினேன். இந்த ஒரு வாரத்தில் கற்றதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

முதலில், யாரும் கடைக்கு வந்து "ரெண்டு அண்டா, மூணு தேக்சா" என்று கேட்பதில்லை. "இருநூறு பேருக்குச் சாப்பாடு" என்பார்கள். கணக்கண்ணன் பதிலுக்கு ரெண்டு கேள்வி கேட்பார். "பிரியாணியா, சாம்பாரா? பந்தியா, பஃபேயா?" அவ்வளவுதான், கை தானாக எழுத ஆரம்பித்துவிடும். எத்தனை கிலோ அரிசிக்கு எந்தத் தேக்சா, பந்திக்கு எத்தனை வாளி, எத்தனை கரண்டி எல்லாம். பேர் எண்ணிக்கையைப் பொருள் பட்டியலாக மாற்றும் அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை. அவர் திருப்பூர் பஸ் ஏறினால் அதுவும் கூடவே ஏறிவிடும். ஒரு சாயங்காலம் முழுக்க "நூறு பேர்னா?", "ஐநூறு பேர்னா?" என்று நச்சரித்து அதை மட்டும் தனி அட்டவணையாக எழுதினேன். என் ஆவணத்திலேயே உருப்படியான பக்கம் அதுதான்.

கொஞ்சம் பெரிய விசேஷம் என்றால் சமையல் மாஸ்டர் ஒரு சீட்டு கொடுத்து அனுப்புவார். அதில் அவர் கேட்டதுதான் போக வேண்டும், காசு கொடுக்கும் வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி. இந்தத் தொழிலுக்கு சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்று நான் போட்ட பட்டியலில் சமையல்காரரே கிடையாது! முதலாளி, ஊழியர், வாடிக்கையாளர் என்று பாடப்புத்தகத்தில் இருந்த மூன்று பேர்தான் இருந்தார்கள்.

பாத்திரம் கழுவும் அக்காக்கள் ரெண்டு பேரும் இல்லை. திரும்பி வரும் பாத்திரத்தை எண்ணுவது கணக்கண்ணன் இல்லை, அவர்கள்தான். குழாயடியில் கழுவிக் கவிழ்க்கும்போதே எண்ணி, "பத்து கரண்டி போச்சு, எட்டுதான் இருக்கு" என்று அங்கிருந்து ஒரு சத்தம். இவர் நோட்டில் குறித்துக்கொள்வார். நான் என் ஆவணத்தில் "திரும்பப் பெறுதல்" என்பதை மேசையில், பில் போடும் திரையில் வைத்திருந்தேன். வண்டியில் இருந்து இறக்கும்போது யாரும் எண்ணுவதில்லை. எண்ணி முடிக்கச் சில நாள் மறுநாள் மத்தியானம்கூட ஆகிவிடும். அதுவரைக்கும் அந்தக் கரண்டி வந்துவிட்டதா, வரவில்லையா? ரெண்டுக்கும் நடுவில் "வந்தது, எண்ணவில்லை" என்று ஒரு நிலை வேண்டும். என் நண்பனுக்கு இது ஒன்றைப் புரிய வைக்க ரெண்டு டீ செலவானது.

வாடகையும் நான் நினைத்த மாதிரி நாள் கணக்கு இல்லை. விசேஷக் கணக்கு. முதல் நாள் சாயங்காலம் எடுத்து மறுநாள் மத்தியானம் திருப்பினால் ஒரு வாடகைதான். "நாள் எண்ணிக்கை × விலை" என்று நான் எழுதியிருந்த சூத்திரப்படி பார்த்தால் ஊரில் எல்லாக் கல்யாண வீட்டுக்கும் ரெட்டை வாடகை போட்டு, மாமா அடி வாங்கியிருப்பார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை, அஞ்சு மணி இருக்கும். நான் கடையிலேயே ஜமக்காளத்தில் படுத்திருந்தேன். ஒரு பையன் சைக்கிளில் வந்து நின்றான். எதுவும் சொல்லவில்லை. கணக்கண்ணன் (அவர் வீடு கடைக்குப் பின்னால்) அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எப்ப?" என்று மட்டும் கேட்டார். "ராத்திரி மூணு மணிக்கு." அதற்கப்புறம் பேச்சே இல்லை. ஃப்ரீசர் பாக்ஸ், ஒரு சாமியானா, 50 நாற்காலி, லோடு ஆட்டோவில் ஏற்றினோம். நோட்டில் "மேலத்தெரு" என்று எழுதி ஒரு சுழி போட்டார். பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, அட்வான்ஸ் இல்லை, விலை இல்லை, திருப்பித் தரும் தேதி இல்லை.

"காசு?" என்றேன்.

"பதினாறாம் நாள் காரியம் முடிச்சுட்டு வருவாங்க."

"வரலைன்னா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வருவாங்க தம்பி."

ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு, எழவு வீட்டுல போயி அட்வான்ஸ் கேப்பாங்களா?" என்றார். அன்றைக்குக் காலையில் என் 31 பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "அட்வான்ஸ் தொகை, கைபேசி எண், திருப்பும் தேதி ஆகியவை இல்லாமல் ஆர்டரைச் சேமிக்க முடியாது." அடுத்த பக்கத்தில் இன்னொன்று: "திருப்பும் தேதி தாண்டினால் வாடிக்கையாளருக்குத் தானாக எஸ்.எம்.எஸ். செல்லும்." மூணாம் நாள் அந்த வீட்டில் போன் அடித்து, அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்கள் ஃப்ரீசர் பாக்ஸ் நிலுவையில் உள்ளது என்று வந்திருந்தால்... நினைக்கவே உடம்பு கூசியது. இது தவறு என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லியிருக்காது. என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தானே அது செய்யும்.

புது ஆவணத்தை அந்த வாரம் முடிந்துதான் ஆரம்பித்தேன். தேவைகளை எப்படி எழுதுவது என்று ஐ.இ.இ.இ. 830 என்று ஒரு பழைய தரநிலை, அதன் கடைசிப் பதிப்பு 1998-ல் வந்தது. இப்போது அதன் இடத்தில் 29148 என்று வேறொன்று வந்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பழையது சொல்லும் எட்டுக் குணங்களில் ரெண்டு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வரிக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும், அது நிறைவேறியதா என்று சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். மாமாவின் "வேகமா இருக்கணும்" இந்த ரெண்டிலும் ஃபெயில். அதையே, "போனில் ஒருவர் ஒரு தேதியைச் சொல்லி 150 நாற்காலி இருக்கிறதா என்று கேட்டால், அவர் லைனில் இருக்கும்போதே பதில் சொல்ல முடிய வேண்டும்" என்று எழுதினேன். மாமா படித்துவிட்டு "இதத்தான சொன்னேன்" என்றார். சொல்லவில்லை மாமா :)

அப்புறம் எது முதலில், எது அப்புறம் என்று தரம் பிரிப்பது. இதற்கு மாஸ்கோ என்று ஒரு முறை உண்டு, ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாய் கிளெக் என்பவர் 1994-ல் ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது கொண்டுவந்தது. கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போதைக்கு இல்லை என்று நாலு கூடை. மாமா எல்லாவற்றையும் முதல் கூடையில் போட்டார். எல்லா வாடிக்கையாளர்களும் அப்படித்தான் செய்வார்களாம். "உங்ககிட்ட ஒரே ஒரு லோடு ஆட்டோதான் இருக்குன்னு வெச்சுக்குங்க, முதல் நடையில எதை ஏத்துவீங்க?" என்று கேட்ட பிறகு வழிக்கு வந்தார். முதல் நடை: எந்தத் தேதிக்கு எது வெளியே போகிறது. ரெண்டாம் நடை: குறைந்து வந்த பொருள். பில் பிரிண்ட் கடைசி நடையில்கூட ஏறவில்லை, அதற்குத் துண்டுச்சீட்டே போதுமாம்.

இந்த "குறைந்து வந்த பொருள்" விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது.

கணக்கண்ணனின் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குறைந்த பொருளுக்கு எதிரில் வசூலித்த தொகை இருக்கும். சில இடங்களில் தொகைக்குப் பதிலாக "ப" என்று ஓர் எழுத்து. கேட்டேன். "பழசு" என்றார். பழைய பொருள், தேய்ந்தது, உடைந்தது, அதனால் வசூலிக்கவில்லை. சரி என்று எழுதிக்கொண்டேன். ஆனால் ஒரு இடத்தில் "எவர்சில்வர் வாளி 2, டம்ளர் 11 - ப" என்று இருந்தது, அந்த வாளிகள் அதற்கு ரெண்டு மாசம் முன்புதான் வாங்கியவை. வாங்கிய பில் நான் பார்த்த கட்டிலேயே இருந்தது. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ரெண்டு வருஷத்து "ப" எல்லாவற்றையும் கூட்டினேன். 23 இடம், சுமாராக 7,000 ரூபாய்.

ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே, பொருளைக் கையில் வைத்திருப்பவரும் அதற்குக் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது. ஒரு நிமிஷம் நான் தப்பாகத்தான் நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. ராத்திரி கடை அடைக்கும்போது நேரடியாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. 23 வீட்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். புருஷன் இல்லாமல் ஒத்தையாக நின்று மகள் கல்யாணத்தை முடித்த அம்மா. கல்யாணம் நின்றுபோய்ச் சமைத்ததை எல்லாம் கொட்டிய வீடு. பிரசவத்துக்குப் போன பெண் திரும்பாத வீடு. "அங்க போயி பதினோரு டம்ளருக்குக் காசு குடுங்கன்னு எப்படித் தம்பி நிக்கிறது?"

மாமாவுக்குத் தெரியுமா? தெரியாது.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன எழுத வேண்டும்? எழுதாமல் விட்டால், புது சிஸ்டத்தில் குறைந்த ஒவ்வொரு டம்ளருக்கும் காசு தானாக ஏறிவிடும், "ப" போட இடமே இருக்காது. இருபது வருஷமாக இந்தக் கடையில் இருக்கும் ஒரு வழக்கம், நான் ஒரு வரி எழுதாததால் செத்துப்போகும். எழுதினால் மாமாவுக்குத் தெரிந்துவிடும், போகப்போகிற நேரத்தில் அந்த மனுஷனுக்கு ஒரு கெட்ட பெயர். தவிர, தீபாவளிக்கு அப்புறம் அந்த மேசையில் உட்காரப்போவது வேறு யாரோ. அவர் கையில் "ப" என்ற எழுத்தைக் கொடுப்பது சரிதானா? ஐந்து மார்க் விடையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ரெண்டு நாள் கழித்து அவரிடமே கேட்டேன். "எழுதிக்க தம்பி. நான் ஒண்ணும் வீட்டுக்குக் கொண்டு போகலையே" என்றார். முகம் மட்டும் என்னவோ போல இருந்தது.

இப்படி எழுதினேன். வரிசை எண் 23 (தற்செயல்தான்): "குறைந்த பொருளுக்கு வசூலிக்காமல் விட, கணக்கு எழுதுபவருக்கு அதிகாரம் உண்டு. காரணம் குறிக்க வேண்டும்."

ஒன்பது பக்கம் வந்த புது ஆவணத்தை, கொடுத்துவிட்டு வராமல், கடையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். மாமா, கணக்கண்ணன், கழுவும் அக்காக்கள், ஆட்டோ ஓட்டும் அண்ணன் எல்லாரும் இருந்தார்கள். நடுநடுவே "இல்ல இல்ல, அது அப்படி இல்ல" என்று ஆளாளுக்குத் திருத்தினார்கள். அன்றைக்கு மட்டும் பதினாலு திருத்தம். கரண்டி வந்த இடத்தில் மாமா திருப்தியாகத் தலையாட்டினார். 23-ஐ வாசித்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"இது எப்ப இருந்து?"

யாரும் பேசவில்லை. கணக்கண்ணன் தரையைப் பார்த்தார். மாமா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு விசேஷத்துக்கு 300 ரூவா வரைக்கும் விடலாம். அதுக்கு மேல என்னையக் கேக்கணும். அப்படி எழுதிக்க மாப்ள" என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கணக்கண்ணன் "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து குழாயடிப் பக்கம் போனார். மறுநாளில் இருந்து நோட்டு மேசை மேல் இல்லை. டிராயரில், பூட்டி.

நாலு நாள் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தொழில்முறையில் பார்த்தால் நான் செய்தது சரி. எல்லைத் தொகை, மேலதிகாரி ஒப்புதல், எல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே அமைந்துவிட்டது. அந்த நாலு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதும் உண்மை.

அஞ்சாம் நாள் அவராகவே வந்தார். அந்த ஒன்பது பக்கத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு 23-க்கு வந்தார்.

"300 ரூவா சரி தம்பி, முதலாளி சொல்றது நியாயந்தான். இந்தக் காரணம்னு போட்டிருக்கீங்களே, அதை மட்டும் எடுத்துருங்க."

"ஏன்ணே? நாளைக்கு யாராவது கேட்டா பதில் வேணும்ல?"

"என் நோட்டுல ஏன் ஒரு எழுத்து மட்டும் போட்டேன்? அந்த வீட்டுல காசு இல்லைன்னு எழுதி வெச்சா, நாளைக்கு உக்கார்ற பய அதைப் படிப்பான். அவங்க வீட்டுப் புள்ளைக்கு வரன் பாக்கும்போது எவனாவது இதைச் சொல்லுவான். ஊரு சின்ன ஊரு."

எந்தத் தகவலை வாங்கக் கூடாது என்பதும் ஒரு தேவைதான் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. எழுதிய ஒன்பது பக்கமும் எதை எல்லாம் பதிய வேண்டும் என்பதைப் பற்றித்தான். மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அண்ணன் சொன்னா எடுத்துரு" என்றார். காரணம் என்ற சொல்லைப் பேனாவால் அடித்து, ரெண்டு பேரிடமும் பக்கத்தில் கையெழுத்து வாங்கினேன். அந்தப் பக்கத்துக்கு மட்டும் இதுவரை ஐந்து பதிப்பு ஆகியிருக்கிறது.

நண்பனிடம் கொடுத்தபோது அவன் முதலில் கேட்டதே, "ஏன்டா, காசு விட்டா ரீசன் போட ஒரு கட்டம் வைக்க வேணாமா? எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்குமே" என்பதுதான். வேண்டாம் என்று எழுதியிருக்கிறது, படி என்றேன்.

அவனுக்கு அரியர் பரீட்சை இருந்ததால் தேதி பார்க்கும் பக்கத்தை மட்டும்தான் முதலில் முடித்தான். ஆடி மாசம் கடையில் ஈ ஓட்டிய நேரத்தில் ஓட்டிப் பார்த்தோம். நாற்காலி 400 என்றே காட்டியது, அதுவே எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. கரண்டி இன்னும் சேரவில்லை. மாமா தினமும் போன் போட்டுக் கேட்டார்.